60 பவுண்ஸ் ஸ்டிக்கில் பிரீமியர் லீக்: பார்ப்பவர்மீதும் வழக்கு வருமா?

கேள்வி:

வணக்கம் ஐயா. நாங்கள் லண்டன் ஹரோவில் இருக்கிறோம். மூன்று வருடமாக எங்கள் வீட்டில், தொலைக்காட்சியில் செருகும் ஃபயர் ஸ்டிக்கில்தான் மேட்ச் பார்க்கிறோம். இவருக்குத் தெரிந்த ஒரு பொடியன் போட்டுத் தந்தது. வருடம் 60 பவுண்ஸ். பிரீமியர் லீக் முழுக்க வரும், தமிழ்ச் சானல்களும் வரும். போன மாதம் எங்கள் தெருவில் ஒருவருக்கு, சட்டவிரோத ஸ்ட்ரீமிங்கை உடனே நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. அன்றிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. மகனுக்கு 17 வயது, ஆர்சனல் பைத்தியம். "பார்க்கிறது குற்றமில்லை அம்மா, டவுன்லோட் செய்தால்தான் குற்றம், கோர்ட்டே சொல்லியிருக்கு" என்கிறான். இவரோ, "சும்மாவா பார்க்கிறோம்? காசு கொடுத்துத்தானே பார்க்கிறோம்" என்கிறார். இவருடைய அக்கா வீடு, நண்பர்கள் என்று இன்னும் நாலு குடும்பத்துக்கும் இவர்தான் காசு சேர்த்து எடுத்துக் கொடுத்தவர், அதனால் எங்களுக்கு இந்த வருடம் இலவசம். என் தம்பியும் எங்களோடுதான் இருக்கிறான். பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறான். அவனுக்கு இதனால் ஏதும் பிரச்சினை வருமா? ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நிம்மதியாக நித்திரை கொள்ளுங்கள். மேட்ச் பார்த்ததற்காக விடியற்காலையில் பொலிஸ் வந்து மகனைக் கூட்டிக்கொண்டு போகப் போவதில்லை. அதற்காக மகன் சொல்வது சரி என்று ஆகிவிடாது. உங்கள் கணவர் சொல்வதும் சரியில்லை. கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் எனக்கு உறுத்தியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மகன் சொல்லும் தீர்ப்பு உண்மையில் இருக்கிறது. அவன் கதைவிடவில்லை. இங்கிலாந்தின் பதிப்புரிமைச் சட்டம் 1988ஆம் ஆண்டில் வந்தது. அந்தச் சட்டத்தில் பிரதி எடுப்பது என்றால் ஒரு கோப்பைச் சேமித்து வைப்பது மட்டுமல்ல, கணநேரம் நினைவகத்தில் தங்கி அழிவதும் பிரதிதான். ஸ்ட்ரீம் ஓடும்போது சில விநாடிக் காட்சிகள் ஸ்டிக்கின் நினைவகத்தில் வந்து விழுந்து, திரையில் ஓடி, அழிந்துகொண்டே இருக்கின்றன. அந்தக் கணக்கில் இணையத்தில் எதைப் பார்த்தாலும் பிரதி எடுத்ததாகிவிடும். அது அபத்தம் என்பதால் 28ஏ என்ற பிரிவில் ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். தற்காலிகமாகத் தானே உண்டாகி மறையும் பிரதிக்கு அனுமதி தேவையில்லை.

இந்த விலக்கைப் பற்றி 2014இல் ஒரு பெரிய தீர்ப்பு வந்தது. வழக்குக்கும் உதைபந்தாட்டத்துக்கும் சம்பந்தமில்லை. இங்கிலாந்துப் பத்திரிகைகளின் உரிமத்தைக் கவனிக்கும் அமைப்புக்கும் மக்கள்தொடர்பு நிறுவனங்களின் சங்கத்துக்கும் நடந்த வழக்கு அது. இணையத்தில் செய்தியைத் திரையில் வாசிப்பதற்குத் தனியாக உரிமம் வாங்க வேண்டுமா என்பது கேள்வி. இங்குள்ள உச்ச நீதிமன்றம் அதை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. வேண்டியதில்லை என்று அங்கே பதில் வந்தது. அதை வைத்துத்தான் 'ஸ்ட்ரீமிங் பார்க்கலாம், டவுன்லோட் செய்யக்கூடாது' என்ற கதை ஊரெல்லாம் பரவியது. அந்தக் காலத்தில் அப்படி நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. சட்டத்தரணிகளே இரண்டு பக்கமும் நின்று வாதாடிய விஷயம்தான்.

கதை 2017இல் மாறியது. நெதர்லாந்தில் ஒருவர், தொலைக்காட்சியில் செருகும் ஒரு சிறிய பெட்டியை விற்றுவந்தார். திருட்டுத் தளங்களுக்குப் போகும் இணைப்புகளை முன்கூட்டியே அதில் போட்டுக் கொடுத்தார். கிட்டத்தட்ட உங்கள் வீட்டு ஸ்டிக்தான். அந்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் ஏப்ரல் 26 அன்று இரண்டு விஷயங்களைச் சொன்னது. அப்படியான பெட்டியை விற்பதே உரிமை மீறல் என்பது முதலாவது. இரண்டாவதுதான் உங்கள் மகன் வாசிக்க வேண்டியது: அனுமதி இல்லாத ஸ்ட்ரீம் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே பார்ப்பவருக்கு அந்தத் தற்காலிகப் பிரதி விலக்கு கிடையாது. பெட்டியை வாங்குவதே அதற்காகத்தானே என்று நீதிபதிகள் கேட்காத குறைதான்.

பிரெக்ஸிட் ஆகிவிட்டதே, ஐரோப்பியத் தீர்ப்பு எங்களுக்கு எதற்கு என்று அவன் கேட்பான். கெட்டிக்காரப் பிள்ளை என்றால் கட்டாயம் கேட்பான். பிரெக்ஸிட்டுக்கு முன் வந்த தீர்ப்புகள் இங்குள்ள சட்டத்தின் பகுதியாகத் தங்கிவிட்டன. அதிலிருந்து விலகும் அதிகாரம் மேல்நிலை நீதிமன்றங்களுக்கு உண்டு. அப்படி யாராவது விலகுவார்கள் என்று நம்பி நான் ஒரு கட்சிக்காரரைக் கோர்ட்டில் நிறுத்தமாட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மேட்ச்சுக்குப் பதிப்புரிமை கிடையாது. பதினொரு பேர் ஓடிப் பந்து அடிப்பது கதையோ பாட்டோ போல ஒருவரின் படைப்பு அல்ல என்று 2011இலேயே தீர்ப்பாகிவிட்டது. போர்ட்ஸ்மத்தில் பப் நடத்திய கரன் மர்ஃபி என்ற பெண்மணியும் பிரீமியர் லீக்கும் மோதிய வழக்கு அது. இங்கே பிரீமியர் லீக்கைக் காட்டும் கட்டணச் சானலான ஸ்கைக்குக் கட்டும் காசு கட்டுபடியாகவில்லை என்று அவர் கிரேக்கத் தொலைக்காட்சியின் கார்டை வாங்கித் தன் பப்பில் மேட்ச் காட்டினார். கீழ் நீதிமன்றங்கள் குற்றவாளி என்றன, வழக்கு ஐரோப்பா வரை போனது, 2012இல் லண்டன் ஹைகோர்ட் அந்தத் தண்டனையை நீக்கியது. அவர் காசு கட்டி வாங்கியது உண்மையான கிரேக்கச் சானலின் உண்மையான கார்டு என்பதை மறந்துவிடாதீர்கள். மேட்ச்சுக்கு உரிமை இல்லையென்றாலும், அதைப் படம்பிடித்து அனுப்பும் ஒளிபரப்புக்கு உண்டு. மூலையில் வரும் ஸ்கோர்ப் பலகை, லோகோ, தொடக்கத்தில் வரும் இசை எல்லாவற்றுக்கும் உண்டு. ஆகவே மகன் இந்தத் தீர்ப்பையும் தேடி எடுத்துக்கொண்டு வந்தால் இதையே சொல்லுங்கள்.

இதுவரை சொன்னது சிவில் பக்கம். உரிமையாளர் வழக்குப் போடலாம், நட்டஈடு கேட்கலாம். ஒரு வீட்டில் பார்த்ததற்கு என்ன பெரிய நட்டஈடு வந்துவிடும்? சந்தாக் காசை வைத்துக் கணக்குப் பார்த்தால் வழக்கை நடத்தும் செலவே அதைத் தின்றுவிடும். அதனால்தான் தனி வீடுகளை யாரும் கோர்ட்டுக்கு இழுப்பதில்லை.

அப்புறம் கிரிமினல் பக்கம். பொலிஸ் சட்டம் என்று பார்த்தால் இரண்டு இடங்களில் பார்ப்பவர் மாட்டலாம். அதே 1988 சட்டத்தின் 297ஆம் பிரிவு ஒன்று: கட்டணத்தைத் தவிர்க்கும் நோக்கத்தோடு, நேர்மையற்ற முறையில், இங்கிலாந்திலிருந்து நடத்தப்படும் ஒளிபரப்பைப் பெறுவது குற்றம். இதற்குச் சிறை இல்லை, அபராதம்தான். மர்ஃபியை முதலில் மாட்டியதும் இந்தப் பிரிவுதான். சாட்டிலைட் காலத்தில் எழுதியது என்பதால் இணைய ஸ்ட்ரீமுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்று வாதாட இடம் இருக்கிறது. உதாரணமாக, உங்கள் ஸ்டிக்கில் வருவது ஸ்கையின் படமா, அல்லது அரபு நாட்டுச் சானல் ஒன்றின் படமா என்பதைப் பொறுத்தே பதில் மாறலாம். வர்ணனை எந்த மொழியில் வருகிறது என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

இன்னொன்று 2006 மோசடிச் சட்டத்தின் 11ஆம் பிரிவு. காசு கட்டிப் பெற வேண்டிய சேவையை, கட்டாமல் அல்லது முழுதாகக் கட்டாமல், நேர்மையற்ற செயலால் பெறுவது. உச்சத் தண்டனை ஐந்து வருடச் சிறை. இந்தச் சட்டத்தோடு அரசு வெளியிட்ட விளக்கக் குறிப்பிலேயே, காசு கட்டும் எண்ணம் இல்லாமல் தொலைக்காட்சியில் டிகோடரை மாட்டிச் சாட்டிலைட் சானல் பார்ப்பவரை உதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள். வாதாடிப் பார்க்கும் இடம் இங்கே குறைவு.

உங்கள் கணவரின் 'காசு கொடுத்துத்தானே' என்ற வாதம் இந்த இடத்தில்தான் அடிபடுகிறது. அவர் கட்டிய காசு உரிமையாளருக்குப் போகவில்லை. நேர்மையற்ற செயலா இல்லையா என்பதைக் கோர்ட் இரண்டு படியாகப் பார்க்கும். முதலில், அவருக்கு அந்த நேரத்தில் உண்மையில் என்ன தெரிந்திருந்தது? அப்புறம், அது தெரிந்த நிலையில் அவர் செய்ததைச் சாதாரண, ஒழுங்கான மனிதர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? 2017இல் உச்ச நீதிமன்றம் ஒரு சூதாட்ட விடுதி வழக்கில் வகுத்த முறை இது. எல்லாச் சானலும் வருடம் 60 பவுண்ஸ், ரசீது கிடையாது, காசு ஒரு பொடியனின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது, உதவிக்கு வாட்ஸ்அப் குழு. ஸ்கை விளம்பரத்தை ஒருமுறையாவது பார்த்தவர் எவரும் இது முறையான வியாபாரம் என்று நம்பினேன் என்றால் நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். வயதான உங்கள் மாமியார் வீட்டுக்கு யாரோ பொருத்திக் கொடுத்திருந்தால் அது வேறு கதை. அவருக்கு எதுவும் தெரியாது, நேர்மைக் கேள்வியே எழாது.

சட்டம் இப்படி இருக்க, நடைமுறை என்ன? தன் வீட்டு சோபாவில் குடும்பத்தோடு பார்த்ததற்காக மட்டும் ஒருவர்மீது கிரிமினல் வழக்குப் போடுவது மிக அரிது. ஸ்டிக் விற்றவர்களின் வழக்குகளில், அவர்கள் தாங்களே பார்த்ததையும் ஒரு குற்றச்சாட்டாகச் சேர்த்துத் தண்டித்தது உண்டு. அது முதன்மை வழக்கோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பிரீமியர் லீக்கும் பொலிஸும் தேடுவது விற்பவரைத்தான், பார்ப்பவரை அல்ல.

சரி, இப்போது அந்த வரிக்கு வருகிறேன். நாலு குடும்பத்துக்குக் காசு சேர்த்து எடுத்துக் கொடுத்தார், அதனால் எங்களுக்கு இலவசம் என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, எங்கள் ஆட்களிடம் இது மிகவும் சாதாரணம். சீட்டுக் கட்டுவதுபோல, ஒருவர் பொறுப்பெடுத்து எல்லோருக்கும் செய்து கொடுப்பார். அதில் ஒரு பெருமையும் இருக்கும். சட்டத்தின் கண்ணில் அவர் அந்த இடத்தில் பார்ப்பவர் வரிசையிலிருந்து எழுந்து விற்பவர் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார். ஆட்களைப் பிடித்தார், காசு வாங்கினார், லொகின் விவரத்தை அனுப்பினார், பதிலுக்கு ஒரு வருடச் சந்தாவைக் கமிஷனாகப் பெற்றார். அந்தப் பொடியனின் கணக்குப் புத்தகத்தில் அவர் பெயர் வாடிக்கையாளர் பட்டியலில் இருக்காது, முகவர் பட்டியலில்தான் இருக்கும்.

அந்தப் பக்கத்துத் தண்டனைகள் வேறு ரகம். மோசடிக்குப் பயன்படும் பொருளை வழங்குவதற்கு, அதே 2006 சட்டத்தின் 7ஆம் பிரிவின் கீழ் பத்து வருடம் வரை போகலாம். அனுமதியில்லாமல் ஒளிபரப்பைப் பொதுமக்களுக்கு அனுப்புவதற்கான உச்சத் தண்டனையையும் 2017இல் பத்து வருடமாக உயர்த்திவிட்டார்கள். அந்தப் பிரிவில், லாபம் தனக்காக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இன்னொருவர் லாபம் அடைவதற்காகச் செய்தாலும், உரிமையாளருக்கு நட்டம் வரும் என்று தெரிந்து செய்தாலும் போதும். மற்றவர் செய்யும் குற்றத்துக்கு உதவுவதும் ஊக்கப்படுத்துவதும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி தனிக் குற்றங்கள்.

2023 மே மாதம் டார்பி கிரவுன் கோர்ட்டில் ஐந்து பேருக்குத் தண்டனை கொடுத்தார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து முப்பது வருடத்துக்கு மேல், தலைவருக்கு மட்டும் பதினொரு வருடம். அவர்கள் 50,000க்கும் அதிகமான வாடிக்கையாளர்களையும் முகவர்களையும் வைத்து ஸ்ட்ரீம் நடத்தியவர்கள். அந்த வழக்கைப் போட்டது அரசு வழக்குத்துறை அல்ல, பிரீமியர் லீக்கே தனியார் வழக்காக நடத்தியது. இங்கிலாந்தில் அதற்கு இடமுண்டு. பொலிஸுக்கு நேரமில்லை, இதையெல்லாம் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று உங்கள் கணவர் சொன்னால் இதைச் சொல்லுங்கள். உங்கள் கணவரை அந்த ஐந்து பேரோடு நான் ஒப்பிடவில்லை. நாலு குடும்பத்துக்காக யாரும் டார்பிக்குக் கூட்டிப் போகமாட்டார்கள். ஆனால் ஒருநாள் அந்தப் பொடியனைப் பிடித்து அவன் போனைத் திறந்தால், உங்கள் கணவரின் பெயருக்குப் பக்கத்தில் நாலு பெயரும் நாலு தொகையும் இருக்கும். அதை விளக்க வேண்டியவர் அவர்தான்.

எனவே அவர் செய்ய வேண்டியது தெளிவு. புதிதாக யாருக்கும் எடுத்துக் கொடுக்கக்கூடாது. அடுத்த வருடக் காசைச் சேர்க்கக்கூடாது. அக்காவுக்கும் நண்பர்களுக்கும் நேரில் போய், இனி நான் இதில் இல்லை என்று சொல்லிவிட வேண்டும், வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம். பொடியனின் குழுவிலிருந்து விலகலாம். ஆனால் பழைய செய்திகளை உட்கார்ந்து அழிக்கத் தொடங்க வேண்டாம். உங்கள் தெருவுக்கே கடிதம் வந்திருக்கும் நேரத்தில் அப்படிச் செய்தால், சின்ன விஷயம் சாட்சியத்தை அழித்த பெரிய விஷயமாக மாறிவிடும். யாராவது கேள்வி கேட்டு வந்தால், வாயைத் திறப்பதற்கு முன் ஒரு சட்டத்தரணியுடன் கதைக்க வேண்டும். பொலிஸ் நிலையத்தில் விசாரணை என்றால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்ட ஆலோசனை இலவசம். கூச்சப்படாமல் கேளுங்கள்.

பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் பெரிய திரை வைத்து ஸ்டிக்கில் மேட்ச் காட்டுவது, கடையில் வாடிக்கையாளர் பார்க்க ஓடவிடுவது, இவையும் அந்த மறுபக்கம்தான். அங்கே மன்னிப்பு இன்னும் குறைவு.

தெருவில் வந்த கடிதத்தைப் பற்றி. இப்படியான கடிதங்கள் உண்மையிலேயே வருகின்றன. பதிப்புரிமைத் திருட்டைத் தடுக்கும் ஃபாக்ட் என்ற அமைப்பு, 2023 ஜனவரியில், வெஸ்ட் மெர்சியா பொலிஸ் பிடித்த ஒரு ஸ்ட்ரீமிங் சேவையின் சந்தாதாரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. அந்தப் பெயர்கள் அங்கே பிடிபட்ட சேவையிலிருந்தே கிடைத்தன. யாரோ உங்கள் வைஃபையை ஒட்டுக்கேட்டுக் கண்டுபிடிப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். இணைய நிறுவனத்திடமிருந்து பெயரை வாங்க வேண்டுமென்றால் உரிமையாளர் ஹைகோர்ட்டுக்குப் போய் உத்தரவு பெற வேண்டும். விற்றவன் பிடிபட்டால் அந்தச் சிரமமே இல்லை, உங்கள் பெயர், போன் இலக்கம், நீங்கள் காசு அனுப்பிய திகதி எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும்.

அதேநேரம் போலிக் கடிதங்களும் வரும். உடனே இந்த இணைப்பில் இத்தனை பவுண்ஸ் கட்டினால் வழக்கு இல்லை என்று வந்தால் கட்டாதீர்கள். கடிதத்தில் இருக்கும் இலக்கத்துக்கு அழைக்காமல், அந்த அமைப்பின் இணையதளத்தை நீங்களே தேடிச் சரிபாருங்கள். உண்மையான கடிதம் என்றாலும் அதில் பொதுவாகக் கேட்பது ஒன்றே ஒன்று, நிறுத்துங்கள் என்பது. நிறுத்தினால் விஷயம் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். ஆமாம் நான் மூன்று வருடமாகப் பார்த்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நீளமாகப் பதில் எழுதி அனுப்பாதீர்கள். எங்கள் அம்மாமார் இப்படி எழுதிவிட்டு வந்து என்னிடம் காட்டுவார்கள்! ஃபாக்ட்டின் ஆட்கள் வீட்டுக்கு வந்தாலும் அவர்கள் பொலிஸ் அல்ல. உள்ளே வரும் அதிகாரமோ, பொருளை எடுத்துக்கொண்டு போகும் அதிகாரமோ அவர்களுக்குக் கிடையாது. மரியாதையாகக் கடிதத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தலாம். பொலிஸ் வாரன்டுடன் வந்தால் மட்டும் தடுக்காதீர்கள்.

உங்கள் தம்பியின் விஷயம். குடியுரிமைக்கு நன்னடத்தை ஒரு நிபந்தனை. படிவத்தில் தண்டனைகளை மட்டுமல்ல, பொலிஸ் கொடுத்த எச்சரிக்கையான 'கோஷன்', தனக்கு எதிரான சிவில் கோர்ட் உத்தரவு போன்றவற்றையும் எழுத வேண்டும். வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து மேட்ச் பார்த்தது மட்டும் இந்தப் பட்டியலில் வராது. தெருவில் இன்னொருவருக்கு வந்த கடிதம் அவனைத் தொடவே இல்லை. சந்தா உங்கள் கணவர் பெயரில் இருக்கிறது, அவன் பெயரில் எதுவும் இல்லை. அப்படியே இருக்கட்டும். நாளைக்கு உதவிக்கு என்று அவன் வங்கிக் கணக்கு வழியாக யாருடைய ஸ்டிக் காசையும் அனுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, எப்போதாவது பொலிஸ் 'ஒரு கோஷன் வாங்கிக்கொண்டு போங்கள், விஷயம் முடிந்துவிடும்' என்று அன்பாகச் சொன்னால், யோசிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். கோஷன் என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது. உள்துறை அமைச்சின் மேசையில் அதற்கு ஞாபகசக்தி அதிகம். இருப்பதை மறைத்தால் இன்னும் மோசம், பொய் சொன்னதற்காகவே விண்ணப்பம் போய்விடும். அவன் பெயருக்கே ஒரு கடிதம் வந்தால், படிவத்தை நிரப்புவதற்கு முன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் அதைக் காட்டட்டும்.

மகனுக்கு ஒரு நியாயமான மனக்குறை இருக்கும். அதையும் சொல்லாவிட்டால் அவன் இந்தப் பதிலை ஒதுக்கிவிடுவான். இங்கிலாந்தில் காசு முழுதாகக் கட்டினாலும் எல்லா மேட்ச்சும் பார்க்க முடியாது. ஒரு சீசனில் 380 ஆட்டங்கள். 2025 முதல் நாலு சீசனுக்கு ஸ்கையும் டிஎன்டி என்ற இன்னொரு கட்டணச் சானலும் பிரித்து வாங்கியிருப்பது சீசனுக்கு 267 ஆட்டங்களளவில்தான். சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்கள் நேரலையில் வராது. பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை இங்கே உதைபந்தாட்டத்தை நேரலையாகக் காட்டத் தடை. வீட்டில் இருந்து பார்க்க முடிந்தால் சின்னக் கழகங்களின் மைதானத்துக்கு யார் டிக்கெட் வாங்கி வருவார்கள் என்று 1960களில் பயந்து கொண்டுவந்த வழக்கம். ஆர்சனல் ஆட்டம் சிங்கப்பூரில் தெரியும், ஹரோவில் தெரியாது. பக்கத்து மைதானத்தில் நடக்கும் ஆட்டத்தைப் பக்கத்து வீட்டில் பார்க்க முடியாது என்பது எரிச்சல்தான். எனக்கும் அது அர்த்தமாகப் படவில்லை. அதற்காகத் திருட்டு ஸ்ட்ரீம் சட்டபூர்வமாகிவிடாது. சட்டப்படி வீட்டில் அதை நேரலையாகப் பார்க்க வழி இல்லை, அவ்வளவுதான். வானொலியில் நேரடி வர்ணனை வரும், இரவு பிபிசியின் மேட்ச் ஒஃப் த டேயில் சுருக்கம் வரும்.

அடுத்து அவன், வேறு நாட்டில் இருந்து பார்ப்பதுபோல் காட்டும் விபிஎன் என்பான், சென்னையில் இருக்கும் பெரியப்பா மகனின் பாஸ்வேர்ட் என்பான். விபிஎன் வைத்திருப்பது இங்கே குற்றமில்லை. ஆனால் இந்தியாவுக்கு மட்டும் என்று உரிமம் வாங்கிய சேவையை லண்டனில் பார்ப்பது அந்த நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தை மீறுவது. கணக்கை மூடிவிடலாம். மர்ஃபி வழக்கு இதற்குக் கைகொடுக்காது, அது ஐரோப்பியச் சந்தைக்குள் நடந்த வியாபாரம். பொடியனின் ஸ்டிக்கோடு ஒப்பிட்டால் இதில் ஆபத்துக் குறைவு என்று சொல்வேன், சரி என்று சொல்லமாட்டேன்.

ஆட்டம் முக்கியமான கட்டத்தில் ஸ்டிக் உறைந்து நிற்பதும், அடுத்த நிமிடம் குழுவில் 'புது முகவரி போடுங்கோ' என்று செய்தி வருவதும் உங்கள் வீட்டில் நடந்திருக்கும். அதற்குக் காரணம் 2017 மார்ச்சில் ஹைகோர்ட் கொடுத்த உத்தரவு. மேட்ச் நடக்கும் நேரத்தில், திருட்டு ஸ்ட்ரீம் வரும் சேர்வர்களைக் கண்டுபிடித்து உடனுக்குடன் தடுக்கும்படி ஆறு பெரிய இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டார்கள். அதற்குப் பிறகும் அது சீசனுக்குச் சீசன் தொடர்ந்தது. தடுப்பது மட்டும்தான், உங்கள் பெயரை அது யாருக்கும் கொடுப்பதில்லை.

ஸ்டிக்கை என்ன செய்வது? ஸ்டிக் சட்டவிரோதம் அல்ல, தூக்கி எறிய வேண்டாம். அதில் பொடியன் போட்ட செயலிதான் பிரச்சினை. செட்டிங்ஸில் போய் ஃபேக்டரி ரீசெட் கொடுத்தால் வாங்கிய நாளில் இருந்ததுபோல் ஆகிவிடும். மகனுக்கு இரண்டு நிமிட வேலை. அதைச் செய்த பிறகு, அந்த ஸ்டிக்கில் போட்டிருந்த கணக்குகளின் பாஸ்வேர்ட்களை மாற்றுங்கள். தெரியாத ஒருவர் உள்ளே என்ன வைத்தார் என்று தெரியாத ஒரு கருவி, மூன்று வருடமாக உங்கள் வங்கி வேலை நடக்கும் அதே வைஃபையில் இருந்திருக்கிறது. வழக்கைவிட எனக்கு இதில்தான் கவலை. மீதிச் சந்தாக் காசைத் திருப்பிக் கேட்கிறேன் என்று கணவர் அவனோடு சண்டைக்குப் போக வேண்டாம். எப்படியும் அவருக்கு இந்த வருடம் இலவசம்தானே.

உங்கள் வீட்டில் தமிழ்ச் சானல்களும் போய்விடும். அவற்றுக்கு முறையான சந்தாக்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே பெட்டியில் 60 பவுண்ஸுக்குக் கிடைக்காது. வேண்டிய ஒன்றிரண்டை மட்டும் எடுங்கள். மகனுக்கு முழுச் சந்தா எடுத்துக் கொடுக்க முடியாவிட்டால், ஒருநாள், ஒருமாதம் என்று வாங்கும் பாஸ்கள் உண்டு. டோட்டனம் ஆட்டத்துக்கு ஒருநாள் பாஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, பரீட்சை மாதத்தில் நிறுத்திவிடலாம். உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தையும் எஃப்ஏ கிண்ண இறுதி ஆட்டத்தையும் இலவசச் சானல்களிலேயே பார்க்கலாம், சட்டமே அப்படி.

நீங்கள் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. நேரலையாக எந்தச் சானலைப் பார்த்தாலும், அது வெளிநாட்டுச் சானலாக இருந்தாலும், ஸ்டிக்கில் பார்த்தாலும் போனில் பார்த்தாலும், வீட்டுக்குத் தொலைக்காட்சி லைசென்ஸ் வேண்டும். பிபிசி பார்ப்பதில்லை, ஸ்டிக்தானே என்று பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள். இல்லாமல் பார்த்தால் ஆயிரம் பவுண்ஸ் வரை அபராதம். அதைக் கேட்டு வரும் கடிதம் ஃபாக்ட்டின் கடிதத்தைவிட வேகமாக வரும். உங்களுடையது இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள்.